திரையில் படிக்கும்போது புரிந்துவிட்டதாகத் தோன்றுவது ஏன்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. பாடநூல்களையெல்லாம் கைப்பேசியில் பிடிஎஃப் வடிவில்தான் படிக்கிறேன். அச்சுப் புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும் என்று பேராசிரியர்கள் வற்புறுத்துவது வெறும் தலைமுறைப் பழக்கம்தானே? எழுத்து ஒன்றுதான் என்னும்போது தாளென்ன, திரையென்ன?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தலைமுறைப் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 21 நாடுகளைச் சேர்ந்த 10,293 பல்கலைக்கழக மாணவர்களிடம் டயேன் மிஸ்ராகியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய கருத்தாய்வு 2018இல் வெளியானது. பாடம் தொடர்பானவற்றைத் தாளில் படிப்பதையே விரும்புவதாக அவர்களில் 78 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கூறியிருந்தார்கள். அதே ஆண்டில், 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வேறொரு பகுப்பாய்வு, தகவல் சார்ந்த உரைகளைத் தாளில் படித்தவர்களே சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டதாகக் கண்டது. வேறுபாடு சிறியதுதான், கதைகளில் அது தென்படவும் இல்லை. ஆனால் 2000 முதல் 2017 வரை, திரை நமக்குப் பழகப் பழக, அந்த வேறுபாடு குறைவதற்கு மாறாகக் கூடியிருக்கிறது.

இவற்றைவிட என்னை யோசிக்கவைத்தது, ரகெஃபெத் ஆக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. படிக்கும் நேரத்தை ஆய்வாளர்களே வரையறுத்தபோது தாளுக்கும் திரைக்கும் வேறுபாடு இல்லை. எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களிடமே விட்டபோதுதான் திரையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். அப்படியிருந்தும், தங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாகவே அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். ஆகவே குறை எழுத்தில் இல்லை. ‘படித்தாயிற்று’ என்ற நிறைவு திரையில் சீக்கிரமே வந்துவிடுகிறது.

இதை நானும் உணர்ந்திருக்கிறேன். புத்தகத்தில் படித்த ஒரு வரையறை மறந்துபோனாலும், அது இடப்பக்கத்தின் அடியில், நான் பென்சிலால் கோடிட்ட இடத்தில் இருந்தது என்பது நினைவில் நிற்கும். கை தானாக அங்கே புரட்டும். கைப்பேசியிலோ, எழுத்தைப் பெரிதாக்கியதும் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. விரலால் இழுத்து வரியின் முடிவைப் பிடிப்பதற்குள் தொடக்கம் நழுவிவிடுகிறது.

ஒரு சொல்லை நொடியில் தேடித் தருவதிலும், பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கு நூலை வாசித்துக் காட்டுவதிலும் மின்னூலுக்கு ஈடில்லை என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசியை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டேன். ஒவ்வொரு பகுதியையும் முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை உங்கள் சொற்களில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராமல் நிற்கும் பக்கங்களை மட்டும் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள்.