கடன் இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: ஈரோடு அருகே தையல் கடை நடத்துகிறேன். இரண்டு பவர் மெஷினும் ஓர் ஓவர்லாக் மெஷினும் வாங்க வங்கியில் 4 லட்சம் ரூபாய் கடன் கேட்டேன். அலையவிட்ட பிறகு, "வங்கியின் உள் கொள்கைப்படி உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்று செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மேலாளரைக் கேட்டால், "சிஸ்டம் மறுத்துவிட்டது அம்மா, என் கையில் ஒன்றுமில்லை" என்கிறார். நான் இதுவரை எந்தத் தவணையும் தவறியதில்லை. சிபில் மதிப்பெண்ணைச் சரிசெய்து தருவதாக ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். வங்கி எனக்குக் காரணம் சொல்ல வேண்டாமா? அந்த ஆளை நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் முதல் கேள்வி.

வங்கி காரணம் சொல்லியே ஆக வேண்டும். ரிசர்வ் வங்கி 2003-ல் வெளியிட்ட நியாயமான நடைமுறை நெறிமுறையில், 2 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கும் சிறு கடனாளிக்கு மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. 2007 மார்ச்சில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். எவ்வளவு தொகையானாலும், கிரெடிட் கார்டு விண்ணப்பமே ஆனாலும், எழுத்தில் காரணம் தர வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நடப்பில் இருக்கும் இந்த விதியைப் பல கிளைகளில் புதிதாகக் கேள்விப்படுவதுபோலப் பார்க்கிறார்கள்.

"உள் கொள்கை" என்பது காரணமே அல்ல. மறுப்பதற்கு உரிமை இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உங்களிடம் என்ன குறை என்பதைச் சொல்லவில்லை. வருமானம் போதவில்லையா, ஏற்கெனவே உள்ள கடன் அதிகமா, நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் தகவல் அறிக்கையில் பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். அமெரிக்காவில் இதற்கான விதி, உள் தரநிலையை எட்டவில்லை என்றோ மதிப்பெண் போதவில்லை என்றோ மட்டும் எழுதினால் போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் விதியில் "முக்கியக் காரணம்" என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இந்த ஒருவரிக் குறுஞ்செய்திகள் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. "சிஸ்டம்" என்று மேலாளர் காட்டுவது யாரோ வங்கிக்காரர்கள் நிபந்தனை எழுதி வைத்த ஒரு மென்பொருளை. அது எந்த நிபந்தனையில் உங்களை நிறுத்தியது என்பது வங்கியின் பதிவில் இருக்கும். தெரியாது என்பதற்கும் சொல்ல மனமில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இதைவிட மோசமான ஒன்று உங்களுக்கு நடக்கவில்லை என்பதில் ஆறுதல் கொள்ளுங்கள். பலரிடம் விண்ணப்பமே வாங்குவதில்லை. "இப்போது லோன் இல்லை, மார்ச்சுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பம் இல்லை என்றால் மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லை என்றால் காரணம் எழுத வேண்டிய கடமையும் இல்லை. கணக்கு எவ்வளவு சுத்தமாக முடிகிறது பாருங்கள்! விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில்தான் இருக்கிறது. அடுத்த முறை யாரிடம் கடன் கேட்டாலும் தேதியோடு ஒப்புகை வாங்காமல் படி இறங்காதீர்கள். கவுண்டரில் தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, ஒரு வெள்ளைத் தாளில் கிளை மேலாளருக்குக் கடிதம். நீட்டி முழக்க வேண்டாம். "இந்தத் தேதியில் நான் அளித்த கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டதன் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். என்னைப் பற்றி நீங்கள் பெற்ற கடன் தகவல் அறிக்கையின் நகலையும் தரவும்." இவ்வளவுதான். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, கடன் கேட்டவருக்கு அந்த நகலைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சிறு கட்டணம் கேட்கலாம். கடிதத்தின் பிரதியில் வங்கி முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 8,000 ரூபாய் ஆள். இவர்களைப் பற்றி எழுதியே என் பேனா தேய்ந்துவிட்டது, ஆனாலும் இன்னொரு முறை எழுதுகிறேன். நம் கடன் வரலாற்றைத் தொகுத்து அறிக்கையும் மதிப்பெண்ணும் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் இணையதளங்களில் மாதச் சந்தா பொத்தான் பெரிதாகவும் இலவசப் பொத்தான் தேடிப் பிடிக்கும்படியும் இருந்தால், பொறுமையாகத் தேடுங்கள். அறிக்கையில் தவறு இருந்தால் திருத்தக் கேட்பதும் இலவசம். மிக முக்கியமானது, கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்த வங்கி "ஆம், தவறுதான்" என்று உறுதிசெய்தால்தான் திருத்தும். ஆக, அந்த ஆள் செய்யப்போவது நீங்களே நிரப்பக்கூடிய ஓர் இலவசப் படிவத்தை நிரப்புவது மட்டுமே. அதற்காக உங்கள் பான் எண், ஆதார், ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் என்ன கடன் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இவர்களில் சிலர் இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: பழைய பாக்கியைப் பாதித் தொகைக்கு "செட்டில்" செய்துவிடலாம் என்று. அப்படி முடித்தால் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவாகும். அடுத்த வங்கி அதை "முழுவதும் கட்டவில்லை" என்றுதான் படிக்கும். முழுத் தொகையும் கட்டி, கணக்கு முடிந்ததாகப் பதிவாவதே நல்லது. ஐந்தாறு இடங்களில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்பவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாக அறிக்கையில் ஏறும். பணத்துக்குத் திண்டாடுபவர் என்ற தோற்றம்தான் மிஞ்சும்.

தவணை தவறாதவருக்கு ஏன் மறுப்பு வரும் என்று கேட்கிறீர்கள். எனக்கு முதலில் சந்தேகம் வருவது குழுக் கடன். மகளிர் குழுவிலோ நுண்கடன் நிறுவனத்திலோ வாங்கியதும் அறிக்கையில் வரும். வீடு தேடி வந்து வசூலித்தவர் பணத்தை வரவு வைக்காமல் விட்டிருந்தால், பாக்கி உங்கள் பெயரில் நிற்கும். ரசீதுகளைத் தேடி எடுங்கள். அடுத்து, யாருக்காவது ஜாமீன் போட்டீர்களா? அவர் கட்டாத கடன் உங்களையும் தொடும். தவறு உண்மையாகவே தவறுதான் என்றால், திருத்தக் கேட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. இந்த விதி 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

குறைந்தபட்ச மதிப்பெண் இத்தனை இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கவில்லை. உங்கள் சிறு தொழிலுக்கு இந்தத் தொகைக்குச் சொத்துப் பிணை கேட்கவும் கூடாது.

கடிதம் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லை என்றாலோ, மறுபடியும் அதே "உள் கொள்கை" வந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, இணையத்திலேயே புகார் தரலாம். இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். வங்கியின் வணிக முடிவை எதிர்த்து வரும் புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வணிக முடிவு. "எனக்குக் கடன் தர மறுத்துவிட்டார்கள், தரச் சொல்லுங்கள்" என்று எழுதினால் புகார் முதல் பார்வையிலேயே தள்ளுபடி. "மறுத்ததன் காரணத்தை எழுத்தில் தரவில்லை" என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. அதை அவர் விசாரிக்க வேண்டும். நடந்தது ஒன்றேதான், எழுதும் விதத்தில் புகாரின் கதி மாறிவிடுகிறது. புகாரில் மேலாளர் பேசிய தோரணை, கால்கடுக்க நின்றது, பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டும் கிடைத்தது, இவை எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் படிப்பவர் கண்ணில் கடன் கேட்கும் புகாராகவே படும். விண்ணப்பத் தேதி, மறுப்புச் செய்தியின் நகல், கடிதம் கொடுத்த தேதி, பதில் வராதது என்பவை போதும். காரணம் கையில் வந்த பிறகும் வங்கி கடன் தரக் கடமைப்பட்டதல்ல என்பதையும் மனதில் வையுங்கள். குறையைச் சரிசெய்து இன்னொரு வங்கிக்குப் போவதற்குத்தான் அந்தக் காரணம் உதவும்.

உங்கள் வங்கி பொதுத்துறை வங்கி என்றால் இன்னொரு வழியும் உண்டு. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் விண்ணப்பத்தின்மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். அடுத்தவர் கோப்பைக் கேட்கவில்லை, உங்கள் கோப்பைத்தான் கேட்கிறீர்கள் என்பதை மனுவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தனியார் வங்கியில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே குறைதீர்ப்பாளரிடம்தான் போக வேண்டும்.