ஆசிரியையிடம் கேளுங்கள்: தகப்பனின் காற்சட்டை

கேள்வி: என் மகன் தரம் 5இல் படிக்கிறான். பேச்சுப் போட்டிக்கு நெல்சன் மண்டேலாவின் வாழ்க்கையைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த தேதி, பதவியேற்ற தேதி என்று பாடமாக்குகிறான், மனத்தில் நிற்கவில்லை. சிறைக் கதையைச் சொன்னால் பயந்துவிடுவானோ என்று எனக்குத் தயக்கம். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு தாய், விசுவமடு

பதில்: காற்சட்டையிலிருந்து தொடங்குங்கள், தங்கச்சி.

தென்னாபிரிக்காவில் கூனு என்றொரு சிற்றூர். அங்கே ஏழு வயதுப் பையன் ஒருவன் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதுவரை ஒரு போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு திரிந்தவன். தகப்பன் தன்னுடைய காற்சட்டை ஒன்றை எடுத்து முழங்காலோடு வெட்டினார். நீளம் சரியாக வந்தது, இடுப்புத்தான் மிகப் பெரிது. ஒரு கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டார். அதைவிடப் பெருமையோடு வேறெந்த உடுப்பையும் அணிந்ததில்லை என்று பிற்காலத்தில் மண்டேலா எழுதினார்.

2010இல், மீள்குடியேற்றத்தின்போது, தகரக் கொட்டகையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் தமையனின் சட்டைக் கையை நாலு மடிப்பு மடித்துப் போட்டு வருவான். யாராவது பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அவனுக்காகவே இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். அடுத்த நாள் அந்த மடிப்பை ஊசி நூலால் தைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான்.

சிறையை மறைக்க வேண்டாம். காத்திருப்பது என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 27 ஆண்டுகள் என்பது அவர்களுக்கு வெறும் எண். ரொபன் தீவில் தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு கடிதம்தான், பார்க்க வருவதற்கும் ஒருவருக்குத்தான் அனுமதி என்று சொல்லுங்கள், உடனே விளங்கும். 1968இல் தாய் இறந்தபோது அடக்கத்துக்குக்கூடப் போக விடவில்லை.

ஏன் சிறை வைத்தார்கள் என்று மகன் கேட்பான். தோலின் நிறத்தைப் பார்த்து, யார் எங்கே குடியிருக்கலாம், யார் வாக்களிக்கலாம் என்று சட்டம் போட்ட நாடு அது. அமைதி வழியில் போராடியும் பயனில்லாமல் போகவே, 1961இல் நாசவேலைக்கென்று ஓர் அமைப்பை உருவாக்குவதில் முன்னின்றார். அதையும் சொல்லுங்கள். நாளைக்கு வேறிடத்தில் அறிந்தால், நீங்கள் சொன்ன மற்றதையும் பிள்ளை நம்பமாட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தக்காளிச் செடிதான். சிறை மதிலோரமாக ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கினார். தோண்டத் தோண்டக் கல். அத்தனை கல்லையும் பொறுக்கி எறிந்துவிட்டு விதை போட்டார். ஒரு தக்காளி நன்றாகச் சிவந்து காய்த்து, பிறகு வாடத் தொடங்கியது. என்ன செய்தும் பிழைக்கவில்லை. பட்டுப்போன செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, தோட்டத்தின் மூலையில் புதைத்தார். மனைவிக்கு அந்தச் செடியைப் பற்றிக் கடிதமும் எழுதினார். பின்னர் பொல்ஸ்மூர் சிறையின் மொட்டைமாடியில், பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களில் மண் நிரப்பி வெங்காயமும் கத்தரியும் வைத்தார். விளைந்தது சமையலறைக்குப் போனது. காவலர்களும் பை கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். தன்னைப் பூட்டிவைத்தவர்களின் வீட்டுக் கறிக்குக் காய்கொடுத்த மனிதர் அவர். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்காமல் இதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

1990இல் விடுதலை, 1994இல் ஜனாதிபதி. அதற்கு இரண்டு வரி போதும். எழுபத்தைந்து வயதில்தான் முதன்முதலாக வாக்களித்தார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மண்டேலாவுக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன?
- தரம் 6 மாணவன், மல்லாவி

பதில்: ரொலிலாலா. மரக்கிளையை இழுப்பவன் என்று பொருள். பேச்சுவழக்கில் குழப்படிக்காரன்! பள்ளிக்குப் போன முதல் நாள் ஆசிரியை 'நெல்சன்' என்று பெயர் வைத்தார். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது அங்கே அப்போது வழக்கம். உன் பெயருக்கு என்ன பொருள் என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுது, தம்பி.