ஷெப்லரைக் கழற்றாதீர்கள்!

கேள்வி: என் தாத்தாவின் படகில் 1912 வாக்கில் செய்த ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கிறது. அதில் ‘ஷெப்லர் மாடல் டி’ என்ற பித்தளை கார்புரேட்டர். ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. இன்ஜின் திணறிப் புகை கக்கி நின்றுவிடுகிறது. இதைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரைப் போட்டால் வேகமும் கூடும் என்கிறார் நண்பர். செய்யலாமா ஐயா?

பதில்: உங்கள் நண்பரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இளவயதில் நானே அந்த வேலையைச் செய்தவன். தகடு வெட்டி, கேஸ்கட் போட்டு, இது போன்ற ஓர் இன்ஜினில் மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரைப் பொருத்தினேன். காலியாக ஓடியபோது கடிகாரம் மாதிரி ஓடியது. புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்ததும் மூச்சு வாங்கியது. அதிக வேகத்தில் சுழலும் சின்ன இன்ஜினுக்கு அளந்து செய்த தொண்டை (கார்புரேட்டரில் காற்று போகும் வழி), சில நூறு சுற்றுகளில் மெதுவாக இழுக்கும் பெரிய சிலிண்டருக்கு எப்படிப் பொருந்தும்? மறுநாள் காலை படகின் தரைப்பலகையைத் தூக்கினேன். அடியில் பெட்ரோல் தேங்கி, வாடை மூக்கைத் துளைத்தது. அப்போது யாராவது தீக்குச்சி உரசியிருந்தால், இந்தப் பகுதியை இன்று வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வண்டியில் பெட்ரோல் வழிந்தால் ரோட்டில் சொட்டிக் காற்றோடு போய்விடும். படகில் அப்படியில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழிக்குள் இறங்கி அங்கேயே படுத்திருக்கும். படகுக்கென்று பிற்காலத்தில் செய்த கார்புரேட்டர்களில் மிதவை அறையின் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை இருக்கும் கிண்ணம்) காற்றுத்துளையைத் தொண்டைக்குள்ளேயே திறந்துவிட்டதற்குக் காரணம் இதுதான்: வழிந்தாலும் இன்ஜின் குடிக்கட்டும், படகு குடிக்க வேண்டாம். எனவே சொட்டு நிற்கும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

இனி உங்கள் ஷெப்லருக்கு வருவோம். நல்ல சாமான் அது. இண்டியானாபொலிஸில் ஜார்ஜ் ஷெப்லர் உருவாக்கியது. அவரோடு கூட்டுச் சேர்ந்த ஃபிராங்க் வீலர், 1909-இல் அந்த ஊரின் புகழ்பெற்ற கார் பந்தயத் தளத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். பந்தயக்காரர் பணம் போட்ட கார்புரேட்டரை வேகம் போதாதென்று கழற்றப் போகிறீர்கள்!

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் மிதவைதான் குற்றவாளி. உங்கள் மாடலில் அது கார்க் மிதவை; பெட்ரோல் உள்ளே போகாமலிருக்க மேலே அரக்கு பூசியிருப்பார்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் என்பது சாராயம். அரக்கைக் கரைப்பதே சாராயத்தில்தான். பூச்சு போனதும் கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனக்கிறது, கிண்ணத்தில் தாழ்ந்து உட்காருகிறது. பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசி மூடவேண்டிய நேரத்தில் மூடாததால், மட்டம் தொண்டைக்குப் பெட்ரோல் விடும் நாசிலின் முனையைத் தாண்டி வழிகிறது. முதல் பத்து நிமிடம் ஏன் நன்றாக ஓடுகிறது என்றால், ஓய்வில் இருந்தபோது கார்க் கொஞ்சம் உலர்ந்திருக்கும்.

அந்த மிதவையை வெளியே எடுத்து ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு குடித்திருந்தது என்று தெரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த கார்க்கில் சூப்பர் க்ளூவை மெல்லிசாக இரண்டு கை பூசுகிறவர்கள் உண்டு. நானும் பூசியிருக்கிறேன், கொஞ்ச காலம் தாங்கும். என் ஓட்டு, பெட்ரோலைக் குடிக்காத கெட்டி நுரைப் பொருளில் அதே வடிவத்துக்கு வெட்டிய புது மிதவைக்கு. நைட்ரோஃபில் என்று கேளுங்கள். நுரையின் எடை வேறு என்பதால் மட்டத்தைப் புதிதாக வைக்க வேண்டும். கிண்ணத்தைச் சமதளத்தில் வைத்து, உயரத்திலிருந்து மெல்லிய குழாயில் பெட்ரோல் விட்டு, ஊசி மூடியதும் நாசிலுக்குள் எட்டிப் பாருங்கள். பெட்ரோல் முனைக்கு அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கீழே நிற்கட்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

பித்தளை மிதவை உள்ள வேறு கார்புரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிதவையைச் சுடுதண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. உள்ளே போன பெட்ரோல் முழுக்க ஆவியாகி வெளியேறும்வரை ஈயப் பற்று வைக்கக் கூடாது. வைத்தாலும் கடுகளவு போதும். ஒருமுறை நான் தாராளமாகப் பற்று வைத்துவிட்டு, ஓட்டையை அடைத்த பிறகும் ஏன் வழிகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஈயத்தின் கனத்தில் மிதவை தாழ்ந்திருந்தது, வேறொன்றுமில்லை.

மிதவை முடிந்தால், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கக் கையால் திருப்பும் கலவை ஊசி. முனையில் வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால், முன்பு யாரோ பலம் காட்டி இறுக்கியிருக்கிறார்கள். புது ஊசி கடைந்துகொள்ளுங்கள். வேகம் கூடும்போது கூடுதல் காற்று விடும் காற்று வால்வின் தோல் காய்ந்து விறைத்திருந்தால் மாற்றுங்கள். அதன் ஸ்பிரிங்கை மட்டும் இழுத்து நீட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சரி செய்த பிறகு டியூன் எப்படி? எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

பதில்: கலவை ஊசியை மெதுவாக மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். இது ஸ்டார்ட் பண்ணுவதற்குத்தான், முடிவல்ல. படகை முன்னும் பின்னும் கயிற்றால் கட்டி, புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளும்போதே டியூன் பண்ண வேண்டும். பாரம் இல்லாமல் வைத்த டியூன் பயணத்தில் நிற்காது. இன்ஜின் சூடானதும் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். கார்புரேட்டர் வழியாகத் தும்ம ஆரம்பித்தால் பெட்ரோல் போதவில்லை, சிறிது திறங்கள். ஒரு வெடி விட்டு ஒரு வெடி என்று தாளம் மாறினால் பெட்ரோல் அதிகம். இது மெதுவான ஓட்டத்துக்கு. திராட்டிலை முழுக்கத் திறந்ததும் தும்மினால், இப்போது ஊசியைத் தொடாமல் காற்று வால்வின் ஸ்பிரிங்கை ஒரு பொட்டு இறுக்குங்கள். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்புகிறவருக்கு டியூன் கிடைக்காது.

தும்மலோடு தீயும் வெளியே வரும் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகில் பொருத்திய பெட்ரோல் இன்ஜின்களுக்கு, படகுக்கு வெளியே பின்புறம் மாட்டும் அவுட்போர்டு தவிர, தும்மலில் வரும் தீயை வெளியே விடாத தீத்தடுப்பான் கட்டாயம். உங்களுடையது அதற்கு மூத்தது. இருந்தாலும் காற்று வாயில் ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி: பெட்ரோல் வேகமாக வர எலெக்ட்ரிக் பம்ப் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு அடி உயரத்தில் டேங்க் இருந்தால் கார்புரேட்டருக்கு வரும் அழுத்தம் சுமார் 0.3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). அந்த மிதவை அதற்காகச் செய்தது. இரண்டு, மூன்று பிஎஸ்ஐ தள்ளும் பம்பை வைத்தால் மிதவை ஊசி மூடவே மூடாது, மறுபடி முதல் கேள்விக்கே வந்து நிற்பீர்கள். பெட்ரோல் வரத்து குறைவென்றால் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.