அம்மாவின் வயதிலிருந்து பத்தைக் கழியுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு இனிப்புநீர் இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. செக்கப் என்று கிளம்பினால், "சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே" என்கிறார் மாமியார். போகட்டுமா, வேண்டாமா?

பதில்: போங்கள் சகோதரி. மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தொந்தரவு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அம்மாவுக்கு நோய் கண்ட வயதிலிருந்து பத்தைக் கழியுங்கள்: 36. மகள்கள் மெமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, தொடங்க டாக்டர்கள் நாங்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இது. இரண்டு வருடம் தாண்டிவிட்டது, பரவாயில்லை, இந்த மாதமே நாள் வாங்குங்கள். மாதவிடாய் முடிந்த வாரமாக இருந்தால் வலி குறைவு. அன்று பவுடர், டியோடரண்ட் எதுவும் பூசாதீர்கள். அதன் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரிந்து எங்களைக் குழப்பிவிடும். முழு கவுன் வேண்டாம், சட்டை தனி பாவாடை தனியாக உடுத்துங்கள். செலவு யோசனை என்றால் எல்.பி.பி.கே.என். (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) கிளினிக்கில் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். அப்புறம், சித்தி, அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அப்பா வழியும் கணக்கில் உண்டு, பலர் அதைச் சொல்வதே இல்லை. அப்படி இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டிவரும்.

'சரியாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கர்ப்பகால இனிப்புநீர் பிரசவத்தோடு அடங்கும், ஆனால் பிற்காலத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மலேசியாவில் இந்தியர்களிடம்தான் இனிப்புநீர் மிக அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதான். கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகம் அலமாரியில் இருந்தால் எடுத்துப் போங்கள், அன்றைய அளவுகள் அதில் இருக்கும்.

அதே கிளினிக்கில் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான பரிசோதனையையும் கேளுங்கள். பஞ்சுக் குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதி வந்துவிட்டது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஊசி விஷயம். பள்ளிகளில் எச்.பி.வி. ஊசி 2010-இல்தான் தொடங்கியது, 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் கிடைத்திருக்காது. 45 வயது வரை போடலாம், ஆனால் இந்த வயதில் பலன் குறைவு, காசும் நீங்களே கட்ட வேண்டும். என்னைக் கேட்டால் பரிசோதனை முதலில். ஹெப்பாடைடிஸ் பி ஊசி குழந்தைகளுக்கு வந்தது 1989-இல், நீங்கள் அதற்கும் முன்னால் பிறந்தவர். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். 60 தாண்டியிருந்தால் ஃப்ளூ ஊசிக்கு உங்களைவிட அவருக்குத்தான் அவசரம்.