பொம்மை வீட்டுக்கு பீடிங் வெட்டிப் பொருத்துவது: கேள்வி பதில்

மரக் கிட் வாங்கி 1:12 அளவில் (நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம்) பொம்மை வீடு கட்டும் நீலகிரி நண்பர்கள் கேட்டவை இவை. இந்த முறை பீடிங், அதாவது ஓரங்களில் ஒட்டும் மெல்லிய மரப் பட்டைகளில், வெளிப்புறப் பட்டைகள் பற்றி மட்டும்.

குன்னூரிலிருந்து: அக்கா, ஜன்னலைச் சுற்றி நாலு பட்டையையும் 45 டிகிரியில்தான் வெட்டினேன். மூன்று மூலை சேருகிறது, நாலாவது மட்டும் வாய் பிளக்கிறது. ஏன்?

மைட்டர் பாக்ஸில் (ரம்பத்தைச் சரியான கோணத்தில் பிடிக்கும் பள்ளங்கள் உள்ள பெட்டி) வெட்டியிருந்தால் பெரும்பாலும் கோணம் சரியாகத்தான் இருக்கும். நீளத்தைப் பாருங்கள். எதிரெதிர்ப் பட்டைகள் அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலும், அத்தனையும் கடைசி மூலையில் வந்து சேரும். ஜோடியை முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து, நீளமானதை உப்புத்தாளில் தேய்த்துக் குறையுங்கள். ஸ்கேலை நம்ப வேண்டாம். பட்டையை ஜன்னல் மேலேயே வைத்து, கத்தி முனையால் கீறிக் குறித்து, ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டுங்கள். கூடினால் தேய்க்கலாம், குறைந்தால் வேறு பட்டைதான்.

கோத்தகிரியிலிருந்து: ஊட்டிப் பழைய பங்களாக்களில் இருப்பது போல, கூரை முகப்பின் இரண்டு சரிவிலும் பலகை வைக்க ஆசை. உச்சியில் இரண்டும் சேரவே மாட்டேன் என்கின்றன.

அந்தப் பலகைதான் நம் மலை வீடுகளுக்கு முகக்களை, விட்டுவிடாதீர்கள். இங்கே 45 டிகிரி வழக்கத்தை மறந்துவிட வேண்டும். இரண்டு பலகையும் உச்சியில் செங்குத்துக் கோட்டில் சந்திக்கின்றன. அதனால் கூரைச் சரிவு 35 டிகிரி என்றால், பலகைக்குக் குறுக்கே போடும் நேர் வெட்டிலிருந்து 35 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். சரிவு எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முகப்பின் மேல் அட்டையை வைத்து இரண்டு சரிவையும் வரைந்துகொண்டு, உச்சியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போடுங்கள். பலகையைச் சரிவுக் கோட்டோடு ஒட்டி வைத்தால், நடுக்கோடு வெட்டும் இடமே உங்கள் வெட்டு. இழைப்பு வேலை உள்ள பலகையில் இடது, வலது கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும். வெட்டுவதற்கு முன் பென்சிலால் 'இ', 'வ' என்று எழுதிவிடுங்கள். பூவேலை வேண்டுமென்றால் முதலில் துளை போட்டு, அப்புறம் வெளி விளிம்பை வெட்டுங்கள். அப்போது மெல்லிய மரம் உடையாது. நிஜத்தில் 9 அங்குலப் பலகை, பொம்மை வீட்டில் முக்கால் அங்குலம். அதைவிட அகலமானால் கூரை பாரமாகத் தெரியும்.

ஊட்டியிலிருந்து: பெயிண்ட் அடித்ததும் பட்டைகள் வில்லாக வளைகின்றன. ஜூலை ஈரம்தான் காரணமா?

ஈரமும் காரணம், ஒரே பக்கம் பெயிண்ட் அடிப்பதும் காரணம். மரம் நார் ஓடும் திசையில் அதிகம் நீளாது, குறுக்கே உப்பும். தண்ணீர் கலந்த பெயிண்ட் ஒரு முகத்தில் மட்டும் ஏறினால் அந்தப் பக்கம் உப்பி வளையும். முதுகின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டி, மற்ற எல்லாப் பக்கமும் மெல்லிய கோட் கொடுங்கள். டேப்பை எடுத்தால் பசைக்கு வெறும் மரம் கிடைக்கும். கிட்டைப் பிரித்ததும் பட்டைகளை, வீட்டை வைக்கப்போகும் அறையிலேயே ஒரு வாரம் விட்டு வையுங்கள். ஹீட்டர் பக்கம் காயப் போட வேண்டாம். அங்கே சுருங்கிய மரம் ஒட்டியபின் மறுபடி உப்பி மூலையைத் தள்ளும்.

கூடலூரிலிருந்து: ஃபெவிகாலா, ஃபெவிக்விக்கா?

பட்டைக்கு ஃபெவிகால். நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். டேப் போட்டுப் பிடித்து வைக்கலாம். மரநிறச் சாயம் பூசுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். பசை வழிந்த இடத்தில் சாயம் ஏறாது.