குரங்கின் கை நாடகத்துக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

கடலூர் மஞ்சக்குப்பம் ஆசிரியருக்கு வணக்கம். ஆண்டு விழாவுக்கு 'குரங்கின் கை' கதையைக் கேலி நாடகமாக்கி ஒத்திகை பார்த்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பையன்களின் நடிப்பில் குறை இருக்காது. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட மூலக்கதை, மூன்று வரம் தரும் பதப்படுத்திய குரங்குக் கை ஒன்றைப் பற்றிய ஆங்கிலத் திகில் கதை, பார்வையாளர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

1991இல் 'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் இதே கதையைப் பகடி செய்தது. உலக அமைதி கேட்டால் வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்து வருவார்கள். அந்தக் குடும்பத்தின் அப்பா ஹோமர் உஷாராக ஒரு வான்கோழி சாண்ட்விச் மட்டும் கேட்பான். அதிலும் கறி வறண்டிருக்கும்! கேட்டது கிடைக்கும், வேறு வழியில் அடி விழும் என்ற விதி புரிந்தால் போதும், ஜேக்கப்ஸைப் படித்திராதவரும் சிரிப்பார்.

ஆகவே முதல் வரத்தை நகைச்சுவையாக்காதீர்கள். மூலத்தில் அப்பா, அம்மா இருவரும் இருநூறு பவுண்டு பணம் கேட்கிறார்கள். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்து, அதே தொகை இழப்பீடாக வருகிறது. அதை இரண்டே நிமிடத்தில், முகத்தில் சிரிப்பில்லாமல் நடிக்கட்டும். அதன் பிறகு கதையைக் கடலூருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மாணவன் பத்து நாள் மழை விடுமுறை கேட்கிறான்; கிடைக்கிறது. அடுத்து வரும் சனிக்கிழமை எல்லாம் பள்ளி! நம் ஊரில் நவம்பர் மாதத்தைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

கையைக் கொண்டுவரும் ராணுவக்காரரைப் புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்) ஆக்கிவிடுங்கள், பிரெஞ்சு பென்ஷன் மிடுக்கோடு. மூலத்திலும் அவர் இந்தியாவிலிருந்துதான் அதைக் கொண்டுபோகிறார், எனவே ஒட்டும். இறந்த மகனை உயிரோடு கேட்கும் இரண்டாம் வரத்துக்குப் பிறகு வரும் கதவு தட்டும் சத்தத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.