கேள்வி-பதில்: டெஸ்கோவின் டெரி லீஹி

பிரிட்டனின் மிகப் பெரிய மளிகைக் கடைச் சங்கிலியான டெஸ்கோவை 14 ஆண்டுகள் தலைமை நிர்வாகியாக இருந்து நடத்தியவர் டெரி லீஹி. அவரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: லீஹி எளிய குடும்பத்திலிருந்து வந்தவர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1956 பிப்ரவரி 28 அன்று லிவர்பூலில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தார். நான்கு சகோதரர்களில் 16 வயதுக்குப் பிறகும் பள்ளிக்குப் போனவர் இவர் ஒருவர்தான். மான்செஸ்டரில் யுமிஸ்ட் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் நிர்வாகவியல் படித்துவிட்டு, முதலில் கோ-ஆப் கூட்டுறவு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1979-ல் டெஸ்கோவின் சந்தைப்படுத்தல் பிரிவில் சேர்ந்தார். முதலில் வேறொருவரைத்தான் தேர்வு செய்தார்கள்; அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து இடம் காலியானதும் லீஹியைக் கூப்பிட்டார்கள். 1992-ல், 36 வயதில், இயக்குநர் குழுவில் இடம். 1997-ல் இயன் மெக்லாரினுக்கு அடுத்து தலைமை நிர்வாகி. 2002-ல் சர் பட்டம்.

கேள்வி: அவரை உயர்த்தியது டெஸ்கோவின் கிளப்கார்டு என்ற வாடிக்கையாளர் அட்டைதான் என்று படித்தேன். பொருள் வாங்கினால் புள்ளி தருவதில் அப்படி என்ன புதுமை?

பதில்: புள்ளி தருவதில் புதுமை எதுவும் இல்லை. டெஸ்கோவே முன்பு, சேர்த்துக் கொடுத்தால் பரிசு கிடைக்கும் கிரீன் ஷீல்டு முத்திரைகளைக் கொடுத்து, 1977-ல் அதைக் கைவிட்ட நிறுவனம்தான். புதுமை வேறு இடத்தில் இருந்தது. முத்திரை வாங்கிப் போகிறவர் யார் என்று கடைக்குத் தெரியாது. அட்டை வந்தபின், எந்த வீடு, எந்தக் கிழமை, எந்தெந்தப் பொருள் என்பதெல்லாம் பில் போடும்போதே பதிவாகிவிட்டது.

எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்ற தம்பதியர் 1989-ல் தொடங்கிய, வாடிக்கையாளர் தரவுகளை அலசும் டன்ஹம்பி நிறுவனத்திடம், அட்டையைச் சோதித்துப் பார்த்த கடைகளின் கணக்கை 1994-ல் கொடுத்தார்கள். முடிவைப் பார்த்த இயக்குநர் குழு, 1995 பிப்ரவரியில் நாடு முழுவதும் அட்டையைக் கொண்டுவந்தது. அன்றைய கணினிகளால் அத்தனை பில்லையும் அலச முடியவில்லை. அதனால் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அலசினார்கள். போக்கு தெரிய அது போதுமாக இருந்தது.

வாடிக்கையாளருக்குத் திரும்பிக் கிடைத்தது செலவில் சுமார் 1 சதவீதம். கேட்கச் சின்னத் தொகை. ஆனால் 100 பவுண்டுக்கு விற்றால் ஐந்தாறு பவுண்டு மிஞ்சுகிற தொழிலில், அதிலிருந்து ஒரு பவுண்டை எடுத்துக் கொடுப்பது பெரிய துணிச்சல். வெறும் தள்ளுபடியாகக் கொடுத்திருந்தால் அது நஷ்டக் கணக்குதான்.

காசு திரும்பி வந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் போன உறை வழியாக. அதில் சேர்ந்த புள்ளிக்கான பணச் சீட்டு இருக்கும். கூடவே சில தள்ளுபடிக் கூப்பன்கள். கூப்பன்களில் சில அந்த வீட்டில் வழக்கமாக வாங்கும் பொருளுக்கு. அவை நன்றி சொல்லும் வகை. மற்றவை, வாங்கக்கூடும் என்று தோன்றியும் இதுவரை வாங்காத பொருளுக்கு. வாராவாரம் டெஸ்கோவுக்கு வந்தும் இறைச்சியை மட்டும் அங்கே வாங்காதவர் என்றால், இறைச்சிக்குக் கூப்பன் போகும்.

விலைக் குறைப்பிலும் இதே கணக்குதான். வாழைப்பழத்தை எல்லோரும் வாங்குகிறார்கள். அதன் விலையைக் குறைத்தால் விலையைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் சேர்த்துத்தான் பணம் போகும். காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள் மட்டும் எடுக்கும் மலிவு ரகப் பொருளில் அதே பணத்தைப் போட்டால், வேறு கடைக்குப் போகக்கூடிய ஆளை அது பிடித்து நிறுத்தும்.

அட்டை கொண்டுவந்த பல கடைகள் தோற்பது இந்த இடத்தில்தான். புள்ளியை அள்ளிக் கொடுப்பார்கள், பதிவான கணக்கை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: போட்டிக் கடைகள் சும்மா இருந்தனவா?

பதில்: அப்போது முதலிடத்தில் இருந்த செயின்ஸ்பரியின் தலைவர் டேவிட் செயின்ஸ்பரி, இது பழைய கிரீன் ஷீல்டு முத்திரையின் மின்னணு வடிவம்தான் என்று ஒதுக்கினார். 1995-லேயே டெஸ்கோ முதலிடத்துக்கு வந்தது. 1996-ல் செயின்ஸ்பரியும் அட்டை கொண்டுவந்தது.

கேள்வி: தலைமை நிர்வாகி ஆனபின் என்னென்ன செய்தார்?

பதில்: பட்டியல் நீளம். டெஸ்கோவைத் தாய்லாந்துக்கு 1998-ல் கொண்டுபோனார். தென் கொரியாவில் 1999-ல் சாம்சங்குடன் கூட்டு. தெருமுனைச் சிறு கடைகளைப் பெருக்க 2002-ல் டி அண்ட் எஸ் சங்கிலியை வாங்கினார்.

இணைய விற்பனையில் எடுத்த முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இணைய மளிகை நிறுவனமான வெப்வேன் பிரமாண்டமான தானியங்கிக் கிடங்குகளைக் கட்டி 2001-ல் திவாலானது. டெஸ்கோவோ இருக்கும் கடையிலிருந்தே பொருளை எடுத்தது. ஊழியர் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு அலமாரிகளுக்கு இடையே நடந்து, ஒரே சுற்றில் பல வீட்டு ஆர்டர்களை நிரப்புவார். கொண்டுபோய்க் கொடுக்க 5 பவுண்டு கட்டணம். முதலீடு குறைவு, புது ஊரில் தொடங்குவதும் சுலபம். ஒரு குறை உண்டு: கடைக்கு நேரில் வந்தவர் கடைசிப் பாக்கெட்டை எடுத்துவிட்டால், வீட்டில் காத்திருப்பவருக்கு மாற்றுப் பொருள்தான் போகும்.

பில் வரிசை விஷயமும் கவனிக்கத்தக்கது. முன்னால் ஒருவருக்கு மேல் நின்றால் இன்னொரு கவுன்ட்டரைத் திற என்ற விதி 1994-லேயே வந்தது. பின்னர் வாசலிலும் கவுன்ட்டர்களின் மேலும் உடல் வெப்பத்தை உணரும் கருவிகளைப் பொருத்தினார்கள். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை வைத்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் எத்தனை கவுன்ட்டர் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தது. தலைமை அலுவலக மேலாளர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் கடையில் நின்று வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. எங்கள் பார்வையில், பெரிய அறிவிப்புகளைவிட இவைதான் அவருடைய உண்மையான வேலை.

கேள்வி: அவ்வளவு கவனமானவர் அமெரிக்காவில் ஏன் தோற்றார்?

பதில்: ஆராய்ச்சி செய்யாமல் போகவில்லை. டெஸ்கோ ஆட்கள் அமெரிக்க வீடுகளில் தங்கி, சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். ரகசியமாக ஒரு மாதிரிக் கடையையே கட்டிப் பார்த்தார்கள். 2007 நவம்பரில் ஃப்ரெஷ் அண்ட் ஈஸி என்ற பெயரில் கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா பகுதிகளில் கடைகள் திறந்தன.

பிழைகள் கடைக்குள்ளேயே இருந்தன. பில்லை வாடிக்கையாளரே போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் மட்டும் இருந்தன. பழமும் காயும் தொட்டுப் பார்த்துப் பொறுக்க முடியாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. கூப்பன் வெட்டிச் சேர்த்துப் பழகிய மக்களிடம், உற்பத்தியாளர் தரும் கூப்பன் இங்கே செல்லாது என்றார்கள். எல்லாவற்றையும்விட விசித்திரம், வாடிக்கையாளர் அட்டை இல்லாமலே தொடங்கியது. பிரிட்டனில் கண்ணாக இருந்த கருவியை அமெரிக்காவுக்கு எடுத்துப் போகவில்லை.

அதோடு, வரப்போகும் நூற்றுக்கணக்கான கடைகளை நம்பி கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் மாபெரும் கிடங்கையும் சமையல் கூடத்தையும் முதலிலேயே கட்டிவிட்டார்கள். கடைகள் 200-ஐ ஒட்டி நின்றுவிட்டதால், அந்தச் செலவைச் சுமக்க விற்பனை போதவில்லை. 2008 நெருக்கடியில் வீட்டு விலை மிக மோசமாகச் சரிந்த இடங்களும் இதே பகுதிகள்தான். 2013-ல் டெஸ்கோ வெளியேறியபோது கணக்கில் நஷ்டமாக எழுதித் தள்ளிய தொகை சுமார் 120 கோடி பவுண்டு.

கேள்வி: 2014-ல் டெஸ்கோவில் லாபத்தைக் கூட்டிக் காட்டிய விவகாரத்துக்கும் இவர் பொறுப்பா?

பதில்: இல்லை. லீஹி 2011 மார்ச்சில் விலகினார். பின் வந்தவர் பிலிப் கிளார்க். 2014-ல் வெளியான விவகாரம் அதற்குப் பிந்தைய கணக்குகளைப் பற்றியது. ஆனால் இடத்தை வாங்கிக் குவித்துப் பெரிய கடைகளாகவே கட்டிய போக்கு அவர் காலத்தில் வேரூன்றியது. ஆல்டி, லிடில் என்ற போட்டிக் கடைகள் மலிவு விலையில் கீழிருந்து நெருக்க, இணையம் மறுபக்கம் இழுக்க, அந்த இடங்களின் மதிப்பு சரிந்தது. பிரிட்டன் மனைகளுக்காக 2013-ல் மட்டும் 80.4 கோடி பவுண்டு எழுதித் தள்ளப்பட்டது. அந்தச் சுமையில் அவருக்குப் பங்கு உண்டு என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

பதில்: கிளேட்டன் டுபிலியர் அண்ட் ரைஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு ஆலோசகரானார். லிவர்பூலின் ஸ்பீக் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட பி அண்ட் எம் மலிவு விலைக் கடைகளுக்குத் தலைவராக இருந்து, 2014-ல் அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதே முதலீட்டு நிறுவனம் 2021-ல் சுமார் 700 கோடி பவுண்டுக்கு மாரிசன்ஸ் கடைச் சங்கிலியை வாங்கியபின், அதன் தலைவர் பொறுப்பு லீஹியிடம் வந்தது.